சித்திரையில் ஒரு காலைப்பொழுது தாருங்கள்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், முதியோர் மன்றங்களின் நிர்வாக சபையினருக்கு,

வணக்கம்.

வழமைபோல இந்த வருடமும் யாரோ ஒருவரின் பேஸ்மென்ரில் கூடியிருப்பீர்கள். கோடைகால ஒன்றுகூடலுக்கு எந்தப் பூங்கா, பெர்மிட் எடுக்க யார் போவது, கொத்து ரொட்டிக்கு யாரைப் பிடிப்பது, போன வருடம் கயிறிழுத்தலில் வந்த வாக்குவாதம் இம்முறை வராமல் எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கும். இந்த ஒன்றுகூடல்களுக்கு நானும் இருபது வருடமாக வந்துகொண்டிருக்கிறேன். தேசிக்காய் ஓட்டத்தில் ஒருமுறை இரண்டாம் பரிசு எடுத்திருக்கிறேன். பரிசு ஒரு பிளாஸ்ரிக் வாளி. இன்றும் பாவனையில் இருக்கிறது.

ஆகவே ஒன்றுகூடலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒடியல் கூழ் காய்ச்சட்டும், சங்கீதக் கதிரை நடக்கட்டும். ஆனால் யூலை மாதம் நீங்கள் வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இறங்கும்போது, அந்தப் பூங்காவில் காட்டுப் பூக்கள் நடத்திய பெரிய விசேஷம் முடிந்து ஆறு, ஏழு கிழமை ஆகியிருக்கும். வந்தவர்களில் பாதிப்பேர் மண்ணுக்குள் போய்ப் படுத்திருப்பார்கள். பந்தல் பிரித்த பிறகு கலியாண வீட்டுக்குப் போகிற கதைதான்.

நான் கேட்பது ஒரு சனிக்கிழமைக் காலை. ஏப்ரல் கடைசிக் கிழமைக்கும் மே இரண்டாம் கிழமைக்கும் இடையில் ஒரு நாள், இரண்டு மணித்தியாலம். ஒலிவாங்கி வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேராகப் போய்க் காட்டுப் பூத் தேட வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பந்தி.

ட்ரில்லியம் என்ற சொல் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா அப்பாவின் மருந்துச் செலவு தாங்காமல் போனால் பார்மசியில் விண்ணப்பிக்கச் சொல்லும் மாகாணத் திட்டத்துக்கு அந்தப் பெயர். மிசிசாகா ஆஸ்பத்திரியின் பெயரிலும் அது இருக்கிறது. ஒன்ராறியோ அரசாங்கத்திலிருந்து வரும் கடிதத் தலைப்பில் மூன்று இதழாக நிற்கும் சின்னமும் அதுவே. வெள்ளை ட்ரில்லியம் 1937 இல் இந்த மாகாணத்தின் பூவானது. முப்பது வருடம் இங்கே வரி கட்டியவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவைச் செடியில் கண்டிருக்கிறோம்? நான் கனடாவுக்கு வந்து பத்தொன்பது வருடம் கழித்துத்தான் கண்டேன். அதுவும் அம்மாவின் முழங்கால் புண்ணியத்தில்.

அம்மாவுக்கு வாதம். நடக்காவிட்டால் கால் இறுகிப்போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். குளிர்காலம் முழுக்க மோலுக்குள் நடந்தோம். ஒரே கடைகளைச் சுற்றிச் சுற்றி வந்ததில் அவவுக்கு அலுத்துவிட்டது. சித்திரைப் புதுவருடம் கழிந்து ஒரு கிழமை, வெயில் எறித்த ஒரு நாள், மோர்ணிங்சைட் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹைலண்ட் கிரீக் ஓரமாகத் தார் போட்ட பாதை இருக்கிறது. தள்ளுவண்டியும் போகும், ஊன்றுகோலும் வழுக்காது. மரமெல்லாம் விறகுக்கு அடுக்கியதுபோல் மொட்டையாக நின்றன. 'இதைப் பார்க்கவோ கூட்டிக்கொண்டு வந்தனி?' என்று அம்மா கேட்டா.

கொஞ்சத் தூரத்தில் பாதையோரச் சரளையில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் நின்றன. டண்டிலையன், வீட்டு முற்றத்தில் பிடுங்கி எறிகிறதுதான் என்றேன். அம்மா நின்று, ஊன்றுகோலைச் சாய்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. 'இலை எங்கை?'

இலை இல்லை. செதில் செதிலாய் ஒரு தண்டு, உச்சியில் பூ, வேறொன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் தெரிந்தது, அது கோல்ட்ஸ்ஃபுட். முதலில் பூத்து முடித்து, பிறகு இலை விடும் சாதி. ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டது. நம்மைப்போல என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லாமல் விடுகிறேன். தோட்டம் செய்து வளர்ந்த கண்ணுக்கு அரை நிமிடத்தில் பட்டது, இத்தனை வருடம் இந்த ஊரில் கார் ஓட்டிய என் கண்ணுக்குப் படவில்லை. உங்கள் முதியோர் மன்றங்களில் இப்படி எத்தனை கண்கள் கரம் போர்டுக்கு முன்னால் இருக்கின்றன என்று அன்றைக்கு யோசித்தேன்.

அன்றைக்கே இன்னொன்றும் கண்டோம். பாதையை விட்டுச் சரிவு எழும்பும் இடத்தில், போன வருடத்துச் சருகுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய் எதுவோ எட்டிப் பார்த்தது. கிட்டப் போய்க் குந்தினேன். ஒரு தண்டு, ஒரு மொட்டு, ஒரே ஒரு இலை. அந்த இலை விரியாமல் தண்டைச் சுற்றி மூடியிருந்தது. படம் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். 'ஐயோ, பிறந்த பிள்ளையைத் துவாயால சுத்தி வைச்ச மாதிரியெல்லோ கிடக்கு' என்றா. அதைவிட நல்ல வர்ணனையை இதுவரை நான் எந்தக் கைநூலிலும் வாசிக்கவில்லை. பக்கத்தில் விரிந்து நின்ற பூக்களில் எட்டுப் பத்து இதழ், நடுவில் மஞ்சள். யாரோ சப்பாத்தால் மிதித்துவிட்டுப் போன ஒன்றின் தண்டு முறிந்து செம்மஞ்சள் நிறத்தில் பால் கசிந்திருந்தது. 'உது வெத்திலை போட்டிருக்கு' என்று அம்மா சிரித்தா. பிளட்ரூட் என்பது அதன் ஆங்கிலப் பெயர். எங்கள் வீட்டில் வெற்றிலைப் பூ. அந்தப் பால் நஞ்சு, தோலையும் அரிக்கும். தொட வேண்டாம்.

மூன்று நாள் கழித்து அந்தப் பூவைப் பார்க்கவென்றே போனோம். இரவு அடித்த காற்றில் இதழ் முழுக்கக் கொட்டிப்போயிருந்தது. அதன் ஆயுள் அவ்வளவுதான். குளிர் நாளில் தேனீ வராவிட்டால் தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக் காய்த்துவிடும் என்று பிறகு படித்தேன். அன்றிலிருந்து சித்திரை மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் சனிக்கிழமைக்கு வேறு வேலை கிடையாது.

சித்திரை என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்முடைய பஞ்சாங்கம் இந்த ஊருக்குச் சற்றும் ஒத்துவராது. தைப்பொங்கலுக்கு வாசலில் ஸ்னோ தள்ளிவிட்டுத்தான் கோலம் போடுகிறோம், அதுவும் கராஜுக்குள். ஆடிப் பிறப்புக்கு ஆடிக் காற்று இல்லை. மார்கழியில் விடிய எழும்பிக் குளிப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆனால் ஒரே ஒரு மாதம் அச்சாகப் பொருந்துகிறது. ஏப்ரல் 14 தொடங்கி மே 14 வரை, சித்திரை மாதம் முழுக்க, ரொறன்ரோவின் காட்டுப் பூக்களின் மாதம். சித்திரை பிறக்கப் பிறக்கத் தொடங்கி, வைகாசி பிறக்க ஓய்கிறது.

காரணம் வெளிச்சம். மேப்பிள், பீச், ஓக் மரங்கள் இலை விடுவதற்கு முன்னம் சூரியன் நேரே காட்டுத் தரையில் விழுகிறது. மே நடுப்பகுதியில் மேலே கூரை மூடிவிடும், கீழே இருட்டு. பனி கரைவதற்கும் கூரை மூடுவதற்கும் இடையிலுள்ள நாலைந்து கிழமைக்குள் இந்தச் செடிகள் முளைத்து, பூத்து, அடுத்த வருடத்துக்கான சீனியைக் கிழங்கில் சேர்த்தாக வேண்டும். சில இனங்கள் யூன் மாதத்துக்குள் இலையையும் சுருட்டிக்கொண்டு, இருந்த இடமே தெரியாமல் மண்ணுக்குள் போய்விடும். ஊரில் கார்த்திகைப் பூக் கொடி வேலியில் எழும்புவதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாக இராது. அது மழைக்குக் காத்துக் கிழங்காய்க் கிடக்கும், இது வெளிச்சத்துக்குக் காத்துக் கிடக்கிறது.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் 'தேட வேண்டும்' என்கிறேன். ஹை பார்க்கில் சக்குறா என்ற செரி மரம் பூத்தால் சேலை கட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்காத குடும்பம் நம்மில் குறைவு. 1959 இல் ரோக்கியோ மக்களின் பெயரால் இரண்டாயிரம் மரங்கள் அன்பளிப்பாக வந்தன, அந்தக் கதை நல்ல கதை. பூவும் வடிவுதான். ஆனால் அது தலைக்கு மேலே பூத்து, நம்மைத் தேடி வருகிற பூ. நான் சொல்பவை கணுக்கால் உயரம். சருகு நிறத்துக்குள் கண் பழகப் பத்து நிமிடம் ஆகும். ஒன்றைக் கண்டுவிட்டால் பிறகு சுற்றி இருபது தெரியும். எங்கே நின்றிருந்தது இவ்வளவும் என்று திகைப்பீர்கள்.

எது எப்போது என்று கேட்பீர்கள். சித்திரை முதல் பத்து நாளில் ஹெப்பாட்டிகா. தண்டில் பூனைக் குட்டியின் மயிர் மாதிரிப் பூம்பஞ்சு, வெளிர் ஊதா அல்லது வெள்ளைப் பூ. போன வருடத்து இலையைப் பனிக்குக் கீழேயே வைத்துக் காப்பாற்றி வருவதால் மற்றவர்களுக்கு முன்னம் அதற்கு அடுப்பு மூட்ட முடிகிறது. பிறகு வெற்றிலைப் பூ. அதோடு ஒட்டி ஸ்பிரிங் பியூட்டி. சட்டைப் பொத்தானிலும் சிறியது, வெள்ளையில் மெல்லிய ரோசாக் கோடுகள். மேகம் மூடினால் மூடிக்கொள்ளும், ஆகவே மப்பு நாளில் போய் ஏமாறாதீர்கள். டச்மன்ஸ் பிரீச்சஸ் என்றொன்று இருக்கிறது. கழுவிக் கொடியில் தலைகீழாய்க் காயப்போட்ட காற்சட்டைகள் ஒரு தண்டு நெடுக வரிசையாய்த் தொங்கும். பேரப்பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அதுதான். சிரித்தால் பிறகு மறக்க மாட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் ட்ரவுட் லில்லி. அதன் இலையில் பச்சையும் கபிலமுமாய்த் திட்டுத் திட்டாக இருக்கும். அம்மா கண்டவுடனே பாம்பென்று நினைத்துக் காலைப் பின்னுக்கு எடுத்து 'புடையன்' என்றா. அன்றிலிருந்து புடையன் இலை. இதில் ஒரு கணக்கு உண்டு. ஒற்றை இலையோடு நிற்கும் செடி பூக்காது. இரட்டை இலை விட்டதுதான் பூக்கும், அந்த நிலைக்கு வரப் பல வருடம் எடுக்கும். ஒரு சரிவு முழுக்க ஆயிரக்கணக்கில் ஒற்றை இலைகள் பாயாய் விரிந்திருக்கும், அதற்குள் அங்கொன்று இங்கொன்றாய் மஞ்சள் பூ தலை கவிழ்ந்து நிற்கும். ஒரு பாய் உருவாக நூறு வருடத்துக்கு மேலும் செல்லலாம். ஸ்காபரோவில் முதல் வீதி போட முன்னம் தொடங்கியதைத்தான் நாம் இன்று மிதிக்கிறோமோ என்று சில வேளை நினைப்பதுண்டு.

கடைசியில் ட்ரில்லியம். அன்னையர் தினத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். மூன்று இலை, மூன்று புல்லிதழ், மூன்று இதழ். முதல் முறை கண்டபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 'வில்வம் மாதிரி' என்றா. வயதாக ஆக வெள்ளை இதழ் ரோசா நிறமாக மாறும். வேறு பூ என்று ஏமாந்துவிடாதீர்கள், அதே பூதான், நாள் போயிருக்கிறது. அன்னையர் தினத்தன்று பஃபே உணவகங்களில் ஒரு மணித்தியாலம் வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

இனி நான் செய்த பிழை. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ட்ரில்லியத்தைக் கண்ட முதல் வருடமே, வில்வம் மாதிரி என்று அம்மா சொன்னாவே, அவவின் பல்கனிக்கு ஒன்று வேண்டும் என்று ஒரு கரண்டியோடு போய்க் கிண்டி எடுத்து வந்தேன். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். நல்ல பசளை மண், நல்ல சாடி, அளந்து தண்ணீர். ஒன்பது நாளில் இலை சுருண்டது. அடுத்த வருடம் சாடியில் ஒன்றும் முளைக்கவில்லை. வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். விதை விழுந்து முதல் வசந்தத்தில் வேர் மட்டும் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த வசந்தத்தில்தான் ஒரு சின்ன இலை. மூன்று இலை வர இன்னும் சில வருடம். முதல் பூவுக்கு ஏழிலிருந்து பத்து வருடம். நான் கிண்டியது ஒரு பத்து வயதுப் பிள்ளையை. இலை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். பூவோடு சேர்த்து அந்த இலையையும் முறித்தால் அந்த வருடத்துச் சாப்பாடு முழுக்கப் போய்விடும். செடி பின்தங்கும், அல்லது செத்தே போகும்.

விதை பரவும் விதத்தைக் கேட்டால் இன்னும் யோசிப்பீர்கள். ட்ரில்லியம், வெற்றிலைப் பூ, காற்சட்டைப் பூ, புடையன் இலை எல்லாவற்றின் விதையிலும் ஒரு சின்னக் கொழுப்புக் கட்டி ஒட்டியிருக்கும். எறும்பு அதற்கு ஆசைப்பட்டு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும், கட்டியைத் தின்றுவிட்டு விதையைத் தன் குப்பை மேட்டில் எறியும். குப்பை மேடு என்றால் பசளை, முளைக்க நல்ல இடம். ஆனால் எறும்பின் நடை எவ்வளவு தூரம்? சில மீற்றர். காற்றில் பறந்து நெடுஞ்சாலையைத் தாண்டும் விதை இல்லை இது. ஒரு காட்டிலிருந்து இவை ஒருமுறை அழிந்தால், பக்கத்துக் காட்டிலிருந்து நடுவில் 401 நெடுஞ்சாலை கிடக்க எந்த எறும்பு சுமந்து வரும்?

எறும்பு நல்லது என்றவுடன் மண்புழுவும் நல்லது என்பீர்கள். 'உழவனின் நண்பன்' என்று விஞ்ஞானப் புத்தகத்தில் நானும் படம் கீறியிருக்கிறேன். இங்கே கதை தலைகீழ். கடைசிப் பனியுகத்தில் இந்த நிலம் முழுக்கப் பனிப்பாளத்துக்குக் கீழே கிடந்தது. பனி விலகியபின் வளர்ந்த காடு மண்புழு இல்லாமலேயே வளர்ந்தது. சருகு ஆறுதலாக உக்கி, அதன் மெத்தைக்குள் இந்தப் பூக்கள் பழகிக்கொண்டன. இன்று தோட்டத்தில் நாம் காண்கிற புழுக்கள் ஐரோப்பியர் கொண்டுவந்த செடி, மண்ணோடு வந்தவை. காட்டுக்குள் போனால் சருகு மெத்தையை ஒரு பருவத்திலேயே தின்று முடித்துவிடும், கீழே வெறும் மண். மீன் பிடிக்கப் போகும் தம்பிமாருக்கு மட்டும் இதைச் சொல்லுங்கள். மிஞ்சிய புழுவைப் 'பாவம், பிழைச்சுப் போகட்டும்' என்று காட்டோரம் கொட்டாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள்.

சாமிக்குப் பூப் பறிக்கிற பழக்கத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஊரில் விடிய எழும்பி அயல் வேலியில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் ஆய்ந்து வளர்ந்தவர்கள் நாங்கள். பூவைக் கண்டால் கை தானாய்ப் போகும். அம்மாவின் கையும் போனது. ஒரு வெற்றிலைப் பூவை ஆய்ந்து கைலேஞ்சியில் சுற்றினா. பஸ் தரிப்பிடம் வரைக்கும்கூட அது தாங்கவில்லை. விரித்தால் இதழ் எல்லாம் தனித்தனி, லேஞ்சியில் ஒரு சிவப்புக் கறை. 'சாமி வேண்டாமெண்டிட்டார்' என்றா. அதன் பிறகு அவ கேட்கவில்லை. நகரப் பூங்காக்களிலும் ரூஜ் பூங்காவிலும் செடி பறிப்பது தடை என்று நான் பத்து முறை சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வேலை செய்திருக்காது.

கீரை பறிக்கும் கைக்கும் ஒரு சொல். இதே நாட்களில் காட்டுத் தரையில் அகன்ற பச்சை இலைகள் கூட்டம் கூட்டமாய் நிற்கும், கசக்கினால் உள்ளி மணக்கும். வைல்ட் லீக் என்பார்கள். சுண்டினால் ருசிதான். மெதுவாய் வளர்கிற செடி. கியூபெக்கில் ஆய்ந்து விற்று அருகிப்போனபின் 1995 இலிருந்து விற்பனைக்குத் தடை, சொந்தப் பாவனைக்கும் ஆளுக்கு வருடத்துக்கு ஐம்பது கிழங்குதான். இங்கே நம் பூங்காக்களில் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. அதற்கு மேல் ஒரு ஆபத்து உண்டு. லில்லி ஒஃப் த வலி என்ற நஞ்சுச் செடியின் இளம் இலையும் கிட்டத்தட்ட இதே தோற்றம். உள்ளி கிண்டிய கையில் எல்லாமே உள்ளி மணக்கும், மணத்தை நம்பவும் முடியாது. வல்லாரைக்குத் தமிழ்க்கடை போதும்.

நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலை வாசித்துவிட்டு ஒரு சங்கம் உற்சாகமாகி, பஸ் பிடித்து, அறுபது பேரை இறக்கிவிடுமோ என்று. அப்படி ஒன்று நடந்தது, நானும் போயிருந்தேன். பெயர் வேண்டாம், எல்லாரும் நல்ல மனிதர்கள். பாதை ஒடுக்கம், குழுப்படம் எடுக்க எல்லாரும் ஒரே சட்டத்துக்குள் வரவில்லை. 'கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ, இன்னும் கொஞ்சம்' என்று படம் எடுத்தவர் சொல்லச் சொல்ல, மூன்று வரிசை சரிவில் ஏறியது. படம் நன்றாக வந்தது. சப்பாத்துக்குக் கீழே புடையன் இலைப் பாய் இருந்தது. ஒற்றை இலைதானே, புல்லென்று நினைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் போய்ப் பார்த்தேன். அறுபது பேர் நின்ற அளவுக்கு ஒரு வெறுமை, அதன் விளிம்பில் நேர்கோடாய் இலைகள்.

ஆகவே பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அதிகம் பேர் பெயர் தந்தால் இரண்டு சனிக்கிழமை வையுங்கள். பாதையை விட்டு இறங்காமலே நிறையப் பார்க்கலாம். குழுப்படத்தைக் கார் நிறுத்துமிடத்தில் எடுங்கள். குந்த முடியாதவர்களுக்கு ஒரு இளம்பிள்ளை கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துக் காட்டட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது, அம்மா பார்த்துப் பெயர் வைப்பா. நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகச் சொல்லுங்கள், வடிவைப் பார்க்க வேண்டாம். ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்தில் லைம் நோய் பரப்பும் உண்ணி இருக்கிறது, ஏப்ரலிலேயே அது எழும்பிவிடும். வீட்டுக்குப் போய் முழங்கால் மடிப்பு, கழுத்து, காதின் பின்புறம் பாருங்கள். ஒரு நாளைக்குள் கழற்றிவிட்டால் பயம் குறைவு. பொய்சன் ஐவியும் இருக்கிறது. அதற்கும் மூன்று இலைதான், எல்லா மூன்று இலையும் வில்வமில்லை. இலை விட முன்னம் அதன் தண்டு பட்டாலும் சொறியும்.

எங்கே போவது என்றால், கார் இல்லாதவர்களுக்கும் முழங்கால்காரர்களுக்கும் மோர்ணிங்சைட் பூங்கா. நடக்கக்கூடியவர்களுக்கு ரூஜ். மிருகக்காட்சிச்சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் அதன் வாசலைத் தாண்டியிருப்பீர்கள். 2015 இல் உருவான அது கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா, 79 சதுர கிலோமீற்றர், நுழைவுக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. நகரத்தின் பள்ளத்தாக்குகள் எல்லாவற்றையும் சேர்த்தால் ரொறன்ரோவின் பரப்பில் 17 வீதம் வரும். ஆகவே உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலும் ஒரு சரிவு இருக்கக் கூடும். சில இடங்களில் தரை முழுக்க நீலமாய் இருக்கும். வடிவுதான், படம் எடுங்கள், ஆனால் அது சில்லா, தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய வெளிநாட்டுக்காரி. அவ பரவின இடத்தில் மற்றவர்களுக்கு இடம் கிடையாது. நான் தேடச் சொல்வது அவ நெருக்கித் தள்ளியவர்களை.

செலவு என்று பொருளாளர் கேட்டால், ஆளுக்கு ஒரு தேத்தண்ணி, அதுவும் நடை முடிந்து வெளியே வந்த பிறகு. வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், பணம் வேண்டாம். நான் தாவரவியல் படித்தவனில்லை. தெரியாத பூவைத் தெரியாது என்று சொல்வேன், மற்றதை அம்மா பார்த்துக்கொள்வா. அவவுக்கு இப்போது எண்பத்தொன்று. வானில் முன் சீற் அவவுக்கு வேண்டும், பாட்டுப் போடக் கூடாது, காலை எட்டரைக்கென்றால் எட்டரைக்கு வாசலில் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் உங்களுக்கு எழுதச் சொல்லித்தான் காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறா.

திகதியை ஏப்ரல் முதல் கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். இந்த வருடம் பனி கெதியாய்க் கரைந்தால் ஒரு கிழமை முன்னுக்குத் தள்ளவேண்டி வரும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து,
உங்கள் ஒன்றுகூடலில் பிளாஸ்ரிக் வாளி வென்ற ஒருவர்